எல்லாரும் தடவிக்கொண்டார்கள்

அவள் இப்போது என் இடது மணிக்கட்டுக்குக் கீழே சுரங்கம் தோண்டிக்கொண்டிருக்கிறாள். அவள் என்றுதான் சொல்ல வேண்டும், தோலுக்குள் குடக்கூலியில்லாமல் வீடு கட்டுவதெல்லாம் பெண் சொறிப்பூச்சிதானாம், தோல் டாக்டர் சொன்னார், சொல்லும்போதே நாற்காலியை ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொண்டார், நான் பார்த்தேன். கண்ணுக்குத் தெரியாத உருவம், எட்டுக் கால், தோண்டிக்கொண்டே முட்டை போட்டுக்கொண்டே போகிறாள். மெட்ரோ ரயிலுக்குத் தோண்டுகிறவர்கள்கூட நடுவில் டீ குடிக்க மேலே வருவார்கள், இவள் வருவதில்லை. சொறியக் கூடாது. சொறிந்தால் மருந்து போய்விடும். கழுத்திலிருந்து கால்விரல் இடுக்கு வரை, தொப்புளை விடாமல், நகத்துக்கு அடியில்கூட விடாமல் மருந்து தடவி, பழைய லுங்கியைச் சுற்றி, பின் அறையில் பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்கார்த்தி வைத்திருக்கிறார்கள். போன தடவை ராத்திரி தடவிக்கொண்டு படுத்ததில் மருந்தெல்லாம் பாய்க்குத்தான் போனது என்று, இந்தத் தடவை ஞாயிற்றுக்கிழமை பகலிலேயே வைத்துக்கொண்டாள் மருமகள் தமயந்தி. இருட்டுகிற வரை யாரும் குளிக்கக் கூடாது, யாரும் யாரையும் தொடக் கூடாது. அதற்கென்ன, எனக்கு அது வழக்கம்தான். முதுகுக்கு மட்டும் மகன் வந்தான், இளவழகன், கையில் ரப்பர் உறை போட்டுக்கொண்டு. திரும்புங்கப்பா என்றான், திரும்பினேன், சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி மேலும் கீழுமாக இழுத்தான். நடுமுதுகில் ஒரு கையகல இடம் விட்டுப்போயிற்று. மற்ற இடமெல்லாம் சில்லென்று இருக்கிறது, அங்கே மட்டும் இல்லை, அதை வைத்துத் தெரிகிறது. சொல்லலாம் என்று வாயைத் திறப்பதற்குள் உறையை உரித்துக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டான். என் மனைவி கோமளம் போன பிறகு என் முதுகைத் தொட்டது அந்த உறைதான்.

கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் பால்கனியில் தாசில்தார் படுத்திருக்கிறது. எங்கள் நாய்க்கு நான் வைத்த பெயர். எதைக் கொண்டுபோனாலும், இதில் ஏதோ ஒரு கையெழுத்து குறைகிறதே என்கிற மாதிரி மேலும் கீழும் பார்க்கும், அதனால். மழையில் நனைந்துகொண்டு கார் நிறுத்துமிடத்தில் கிடந்த குட்டியைத் துப்பட்டாவில் சுற்றி எடுத்து வந்தவள் தமயந்திதான், இதை மறக்கக் கூடாது, அவள் கெட்டவள் இல்லை. இப்போது அதற்கு வயதாகிவிட்டது. காது ஓரத்தில் முடி உதிர்ந்து தோல் தெரிகிறது, முழங்கையில் செதில் செதிலாக. சொறிநாய் என்று கீழ்வீட்டுக்காரர் ஜாடை பேசுகிறார். மாட்டு டாக்டர் அதன் தோலைச் சுரண்டி லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்த்துவிட்டு, பூச்சி ஒன்றும் தென்படவில்லை, வயசாச்சு, தோல் வறண்டுபோச்சு, அப்படியே நாய்ச் சொறி இருந்தாலும் அந்தப் பூச்சி மனுஷன் மேல் குடும்பம் நடத்தாது, கொஞ்ச நாள் அரித்துவிட்டு அதுவே செத்துப்போகும் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம். சில சமயம் சுரண்டலில் தப்பிவிடும் என்று ஒரு வார்த்தை சேர்த்தார். அந்த வார்த்தைதான் வீட்டுக்கு வந்து சோபாவில் உட்கார்ந்துகொண்டது. சாயங்காலம் அதைக் கொண்டுபோக ஆள் வருகிறான், செங்கல்பட்டுப் பக்கம் பண்ணையாம், நாய்களெல்லாம் மாந்தோப்பில் ஓடி விளையாடுமாம். மாந்தோப்பு! ஆயுசு பூராவும் கதை கட்டியவன் நான், ஒரு கதையில் எந்த இடத்தில் ஒட்டுப்போட்டிருக்கிறது என்று எனக்குத் தெரியாதா. அவளுக்கும் தெரியும், அதனால்தான் மாந்தோப்பு என்று சொல்லும்போது அடுப்பைப் பார்த்துச் சொன்னாள். ஆனால் அவளையும் குறை சொல்ல முடியாது, கணக்கு சரியாகத்தான் போட்டாள். எல்லாரும் ஒரே நேரத்தில் தடவிக்கொள்ள வேண்டும், ஒரு ஆள் விட்டுப்போனாலும் திரும்ப வரும், இது டாக்டர் சொன்ன சட்டம். எல்லாரும் தடவிக்கொண்டோம். மகன், மருமகள், பேத்தி இலக்கியா, நான், வேலைக்கு வருகிற அஞ்சலைக்குக்கூட வீட்டுக்கு ஒரு பாட்டில் கொடுத்தனுப்பினாள். துணியெல்லாம் கொதிக்கிற வெந்நீரில் முக்கி எடுத்தாள், கை சிவந்துபோயிற்று. அடங்கியது. திரும்ப வந்தது. மறுபடி தடவினோம், அடங்கியது, திரும்ப வந்தது, இலக்கியாவின் விரல் இடுக்கைப் பார்த்துவிட்டுப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்கள், குழந்தை ஆட்டோவில் வரும்போது கையைப் பையின் அடியில் ஒளித்துக்கொண்டே வந்ததாம். அன்றைக்குத்தான் தமயந்தி சொன்னாள், எல்லாரும் தடவிக்கிட்டோம், மிச்சம் நாய் மட்டும்தான். எல்லாரும். அந்தச் சொல்லில்தான் நான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன், முள்வேலியில் வேட்டி மாட்டின மாதிரி. எல்லாரும் என்றால் யார் யார்?

நினைக்கக் கூடாது. நினைத்தால் அரிக்கிறது. வேறு எதையாவது நினைக்கலாம். மின்வாரியத்தில் மீட்டர் ரீடராக இருந்தவனுக்கு நினைக்க நாய்க்கா பஞ்சம், ஊரிலுள்ள நாய்களையெல்லாம் வாசல் வழியாகத் தெரிந்தவன் நான். ஒரு பங்களாவில் அல்சேஷன், என்னைக் கண்டால் குரைக்காது, நேராக மீட்டர் பெட்டிக்குக் கூட்டிப்போய், யூனிட் எவ்வளவோ அத்தனை தடவை வாலை ஆட்டும், ஏசி போட்ட மாசத்தில் அதற்கு வாலே சுளுக்கிக்கொண்டது. இதை இலக்கியாவிடம் சொன்னேன், சிரித்தாள். அவள் அப்பன் சின்ன வயதில் சிரித்தான், அப்புறம் சிரிக்கவில்லை, அப்புறம் எழுந்து போக ஆரம்பித்தான். பொய் சொல்கிறவனுக்கு ஒரு வசதி இருக்கிறது, எங்கே போகிறாய் என்று யாரும் கேட்க மாட்டார்கள், கேட்டாலும் பதிலைக் காதில் வாங்க மாட்டார்கள். வியாழக்கிழமைதோறும் சட்டை மாற்றிக்கொண்டு கிளம்புவேன். எங்க மாமா கிளம்பிட்டீங்க என்பாள் தமயந்தி, சர்க்கஸ்லேருந்து ரிட்டையர் ஆன ஒட்டகம் ஒண்ணு இருக்கும்மா, அதுக்குப் பின்பக்கமா நடக்கச் சொல்லிக்குடுக்கறேன் என்பேன், சரி, வெயில்ல தொப்பி போட்டுக்குங்க என்பாள். அவ்வளவுதான். நிஜத்தை ஒளித்துவைக்க அதைவிடப் பத்திரமான இடம் கிடையாது, ஒட்டகத்துக்குப் பின்னால். யார் பார்க்கப் போகிறார்கள்.

இரண்டு பஸ் மாறிப் போக வேண்டும். இரும்புக் கேட், உள்ளே முதியோர் இல்லம், நீளமான கூடம், வரிசையாகக் கட்டில், ஜன்னல் ஓரக் கட்டிலில் என் அண்ணன் குஞ்சிதபாதம். அவன் பிள்ளை கனடாவிலிருந்துகொண்டு இங்கே சேர்த்துவிட்டான், என்னோடு வேலை பார்த்த ஒருவர் தற்செயலாகப் பார்த்துவிட்டு வந்து காதில் போட்டார். ஒரே ஒரு தடவை, தூரத்திலிருந்து, என்று சொல்லிக்கொண்டுதான் போனேன். நீங்க யாரு, என்ன வேணும் என்று அங்கே உள்ள அம்மாள் கேட்டாள், தம்பி என்று சொல்ல நாக்கு எழவில்லை, ஐயா வீட்டுல கரண்ட் மீட்டர் எடுத்தவன்மா, சும்மா பார்க்கலாம்னு என்று சொல்லிவிட்டேன். பொய்தான் என்ன சுலபமாக வருகிறது எனக்கு, ஏப்பம் மாதிரி. அண்ணனுக்கு நினைவு போய்விட்டது. என் முகத்தைப் பார்த்தான், அந்த அம்மாள் சொன்னதைப் பிடித்துக்கொண்டான். கரண்ட்காரரா, வாங்க வாங்க, மீட்டர் அந்தப் பக்கம் இருக்கு, நாயைக் கட்டியிருக்கு, பயப்படாதீங்க, நான் கூட்டிட்டுப் போறேன் என்று எழுந்து என் கையைப் பிடித்தான். விரலுக்குள் விரலை விட்டு, இறுக்கி. கூடத்தில் நாயும் இல்லை, மீட்டரும் இல்லை. இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் என்னைப் பிடித்துக்கொண்டே நடந்தான், ஒவ்வொரு கட்டிலாகத் தாண்டும்போதும் ச்சூ, படு, அவர் நம்மாளு என்று யாருமில்லாத இடத்தைப் பார்த்து அதட்டினான். சின்ன வயதில் சிதம்பரத்தில் மேலவீதிக்குப் போகும்போது இப்படித்தான் என்னை இழுத்துப் போவான், அப்போது நிஜமாகவே நாய் இருந்தது, நான் நிஜமாகவே அழுதேன். ஒவ்வொரு வியாழக்கிழமையும் அதே நடை. கையை விட மாட்டான், விட்டால் நாய் பாய்ந்துவிடும் என்று பயம் அவனுக்கு. அவன் விரல் இடுக்கெல்லாம் புள்ளி புள்ளியாக இருந்ததை நான் பார்த்தேன், வேர்க்குருங்க, வயசானவங்களுக்கு வரும் என்றார்கள், நானும் வேர்க்குரு என்றே வைத்துக்கொண்டேன், அவன் சொறியும்போது கண்ணைத் திருப்பிக்கொண்டேன். அப்புறம் எனக்கு அரித்தது. அப்புறம் இலக்கியா என் விரலைப் பிடித்துக்கொண்டு மொட்டைமாடிக்கு வந்தாள். ஆக, நாய்தான் காரணம் என்று தமயந்தி சொல்வது ஒருவிதத்தில் சரி. நாய்தான். ஆனால் அந்த நாய் இல்லாத நாய். இதை எந்த டாக்டரிடம் போய்ச் சொல்ல, எந்த லென்ஸுக்கு அடியில் வைத்துக் காட்ட.

சரி, சொல்லிவிடேன். சொல்லிவிடேன் என்றால்? இளவழகன் கல்யாணத்துப் பந்தியில், சம்பந்தி வீட்டார் வரிசையாக உட்கார்ந்திருக்க, இதே குஞ்சிதபாதம் எழுந்து நின்று கோமளத்தைப் பார்த்துச் சொன்னான், எங்க அம்மாவுக்குப் பழைய சோத்தைப் போட்டே கொன்னவ, இன்னைக்கு ஊருக்கு விருந்து வைக்கிறா. பொய். நான் சொல்கிற மாதிரி ஒட்டகப் பொய் இல்லை, விஷம் வைத்த பொய். அம்மாவுக்குக் கடைசி வரை குழையப் பிசைந்து ஊட்டியவள் கோமளம். இலையை மடிக்காமல் எழுந்து போனாள், அன்றைக்கு அவள் பசியோடு தூங்கினாள். அந்த ஆளோட நிழல் என் வாசல்ல விழக்கூடாது என்றாள், அதற்கப்புறம் அவன் பெயர் எங்கள் வீட்டில் புழங்கவில்லை. ஆஸ்பத்திரியில் கடைசியாக, மூக்கில் குழாயோடு, கையை நீட்டினாள். நான் போன பிறகும் நீங்க அங்கே போகக் கூடாது என்றாள். கையில் கை வைத்துச் சரி என்றேன். இளவழகன் கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டிருந்தான். அந்தக் கை வேறு, இந்தக் கை வேறா, இரண்டும் வலது கைதான். செத்தவள் பிடித்த கையை உயிரோடு இருக்கிறவன் பிடித்துக்கொண்டு விடவில்லை, நான் என்ன செய்வேன். அவனுக்குப் பந்தியும் ஞாபகமில்லை, பழைய சோறும் ஞாபகமில்லை, சொன்னவன் சுத்தமாக மறந்துபோய் உட்கார்ந்திருக்கிறான், கேட்டவர்கள் நாங்கள் சுமந்துகொண்டிருக்கிறோம். மன்னிக்கவும் முடியாது அவனை, மன்னிப்பை வாங்கிக்கொள்ள அங்கே ஆள் இல்லை.

வெயில் பால்கனிக் கம்பியில் இறங்கிவிட்டது. சாயங்காலமாகிறது. அரிப்பு முழங்கைக்கு ஏறியிருக்கிறதா, இல்லை நினைப்புத்தான் ஏறுகிறதா. சொல்லாமல் இருந்தால் என்ன ஆகும், அதையும் பார்த்துவிடலாம். நாய் போகும். நான் இனி வியாழக்கிழமை போகாமல் இருந்துவிட்டால், திரும்ப வராது. எல்லாருக்கும் தோல் ஆறிவிடும், இலக்கியா பள்ளிக்கூடம் போவாள், பாத்தீங்களா, நாய்தான் என்பார்கள், கீழ்வீட்டுக்காரர் அப்பவே சொன்னேனே என்பார். இவ்வளவு கச்சிதமான பொய்யை நான் ஆயுசில் கட்டினதில்லை, அதற்கு ஒரு வார்த்தைகூடப் பேச வேண்டாம், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும். ஆனால் போகாமல் இருக்க முடியுமா என்னால்? இந்த மருந்துக் கூத்தில் ஏற்கெனவே சில வியாழக்கிழமைகள் போகாமல் தவறிவிட்டன. அவன் கையை நீட்டிக்கொண்டு நிற்பான். போனால், திரும்ப வரும். அப்போது நாய் இருக்காது, பழி போட. அரிக்கிற வீட்டில் அடுத்து மிச்சமாகத் தெரிகிறவன் யார்? எனக்கும் ஒரு மாந்தோப்பு பார்ப்பார்கள். அடுப்பைப் பார்த்துக்கொண்டு சொல்வாள். சீ, அவள் அப்படிச் செய்ய மாட்டாள், ஆனால் நாயையும்தான் அவள் அனுப்ப மாட்டாள் என்று நினைத்திருந்தேன். தாசில்தார் தலையைத் தூக்கிக் கண்ணாடி வழியாக என்னைப் பார்க்கிறது. மனுவைத் தள்ளுபடி செய்கிற பார்வை. போடா, போ. கீழே ஹார்ன் சத்தம். நாய் உடனே எழுந்துவிட்டது, காதை நிமிர்த்தி, கம்பி வழியாக எட்டிப் பார்த்து, வாலை ஆட்டுகிறது, யாரோ விருந்தாளி வந்திருக்கிறார்களாம். ஆட்டாதே. ஆட்டாதே என்கிறேனே.

தமயந்தி வந்தாள். முழங்கை வரை மருந்து பளபளக்கிறது, ஒரு கையில் சங்கிலி, ஒரு கையில் பை, பைக்குள் நாயின் தட்டு, அது படுக்கிற சாக்கு, சாப்பாட்டு டப்பா, எல்லாம் துவைத்து அடுக்கியிருக்கிறாள், புகுந்த வீட்டுக்கு அனுப்புகிற மாதிரி. கண் வீங்கியிருக்கிறது. பால்கனித் தாழ்ப்பாளில் கை வைத்தாள். நான் சொன்னேன், "அது நாய் இல்லம்மா." "மாமா, ப்ளீஸ், இன்னைக்குக் கதை வேண்டாம், எனக்கு அழுகை வந்துடும்." "கதை இல்லம்மா." "போன தடவை டாக்டர் ரூம் நாற்காலியிலேருந்து வந்துச்சுன்னீங்க. அதுக்கு முன்னாடி ஒட்டகத்துக்கிட்டேருந்துன்னீங்க." "குஞ்சிதபாதத்துக்கிட்டேருந்தும்மா." தாழ்ப்பாளில் இருந்த கை அப்படியே நின்றது. நான் எத்தனையோ சொல்லியிருக்கிறேன் அவளிடம், அவள் எதையும் நம்பினதில்லை, இதை உடனே நம்பினாள், அந்தப் பெயரை வைத்து இந்த வீட்டில் யாரும் கதை கட்ட மாட்டார்கள். மெதுவாக, கூடத்தில் இருக்கிற இளவழகனுக்குக் கேட்காமல் கேட்டாள், "வியாழக்கிழமையா?" "ஆமாம்மா. கையைப் பிடிச்சுக்குவான்." "அப்போ ஒட்டகம்..." "ஒட்டகம் இல்லம்மா." "ஒட்டகம் இல்லேன்னு தெரியும் மாமா," என்றாள், சங்கிலியைப் பைக்குள் போட்டாள், போட்டுவிட்டு நின்றாள். நான் எதிர்பார்த்தது திட்டு. அவள் கேட்டது வேறு. "அவருக்கு யாரு மருந்து தடவுறது?"

கீழே திரும்ப ஹார்ன். ஜன்னலுக்குப் போய், "அண்ணே, நாயை அனுப்பலைண்ணே, வீண் அலைச்சல் குடுத்துட்டோம், கோவிச்சுக்காதீங்க," என்று குனிந்து சொன்னாள், வண்டி கிளம்புகிற சத்தம் கேட்டது. தாசில்தாருக்கு ஏமாற்றம், சுற்றிச் சுற்றி வந்து படுத்துக்கொண்டது. அவள் போனை எடுத்து நம்பர் கேட்டாள், சொன்னேன். "ஹலோ, அங்கே குஞ்சிதபாதம்னு ஒரு பெரியவர்... ஆமாங்க." போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம், "நீங்க அவருக்கு என்ன வேணும்னு கேக்கறாங்க. அங்கே நீங்க யாருன்னு சொல்லி வெச்சிருக்கீங்க மாமா?" "கரண்ட் மீட்டர் எடுக்கறவன்னு." கண்ணை மூடித் திறந்தாள். பிறகு போனில் சொன்னாள், "தம்பி வீட்டிலேருந்து பேசறேன்." அதற்கப்புறம் நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "தனி ரூமா? எப்பலேருந்து? உள்ளே யாரும் போறதில்லேன்னா சாப்பாடு?... ஓ." மறுபடி மூடிக்கொண்டாள். "தொத்துதுன்னு ஒரு ரூம்ல விட்டுப் பூட்டியிருக்காங்களாம். ஆயாம்மா யாரும் தொட மாட்டேங்கறாங்களாம். தம்பி இருக்கறது தெரிஞ்சா அப்பவே கூப்பிட்டிருப்போமே, குணமாகற வரைக்கும் வந்து கூட்டிட்டுப் போயிடுங்கன்னு சொல்றாங்க." கூட்டிக்கொண்டு. எங்கே? மூன்றாவது மாடி, லிப்ட், செருப்பு ஸ்டாண்ட், கோமளத்தின் படம் மாட்டிய கூடம், அவன் நிழல் விழக்கூடாது என்று அவள் சொன்ன அந்த வாசல்.

"யாரு போன்ல?" கூடத்திலிருந்து இளவழகன். தமயந்தி என்னைப் பார்த்தாள். எனக்குக் கதைகள் வந்து வரிசையில் நின்றன, பண்ணைக்காரன், ராங் நம்பர், காஸ் கம்பெனி, ஒன்றைவிட ஒன்று நன்றாக இருந்தது. "உன் பெரியப்பாடா," என்றேன். டி.வி. சத்தம் நின்றது. வந்து கதவுக்கால் ஓரம் நின்றான், உள்ளே வரவில்லை. மருந்து பூசின மார்போடு அவனும் ஒரு லுங்கியில்தான் நின்றான், என்னைப்போலவே தொப்பை விழ ஆரம்பித்திருக்கிறது. என் முகத்தைப் பார்க்கவில்லை, மடியில் கிடந்த என் கைகளைப் பார்த்தான். கேட்க வேண்டியதெல்லாம் அதிலேயே தெரிந்துபோன மாதிரி. "ஆஸ்பத்திரியில அம்மாகிட்ட சரின்னு சொன்னீங்களேப்பா." "ஆமாண்டா." "அதுவும் கதைதானா?" இல்லடா என்றேன். சத்தியமாக இல்லடா என்றேன். நிஜத்தைத்தான் சொன்னேன், ஆனால் என் வாயிலிருந்து அது இத்தனை வருஷம் வந்ததெல்லாம் எப்படி வந்ததோ அப்படியேதான் வந்தது, என் காதிலேயே அப்படித்தான் விழுந்தது. அவன் கதவுக்கால் ஓரத்திலிருந்து உள்ளேயும் வரவில்லை. போகவும் இல்லை. தமயந்தி அவனையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு நின்றாள், அவள் விரல்களுக்கு நடுவிலிருந்து, ஹலோ, ஹலோ, தம்பி வீடுங்களா, லைன்ல இருக்கீங்களா என்று ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.